தரையில் இரண்டு தட்டு

இந்த வருஷம் மருந்துப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு மைதானத்துக்குள் ஓடப்போகிற தம்பி தங்கைகளுக்கு எழுதுகிறேன். உங்களிடம் ஃபிசியோ சான்றிதழ் இருக்கிறது. முட்டிக்குள் எத்தனை ஜவ்வு, எது எதைப் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று பெயரோடு சொல்கிறீர்கள். நான் ஏழாம் வகுப்பில் ஓடிப்போனவன். குமரிக் கடற்கரையிலிருந்து கிளம்பி, கொல்லத்தில் படகுக்கு ஐஸ் உடைத்து, கோவாவில் ஓட்டல் பாத்திரம் கழுவி, லாரி கிளீனராகப் பூனா வந்து சேர்ந்தேன். இங்கே மல்யுத்தம் பழகுகிற ஒரு தாலீமில் படுக்க இடம் கொடுத்தார்கள். இடத்துக்கு ஈடாகப் பயில்வான்களுக்கு எண்ணெய் தேய்த்தேன். அந்தக் கை கால்பந்து கிளப் ஒன்றுக்கு என்னை மாலிஷ்காரனாகக் கொண்டு வந்தது.

டேப் ஒட்டுவது, கட்டுப் போடுவது பற்றி நான் சொல்ல ஒன்றுமில்லை. என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். நான் சொல்ல வந்தது வேறு. ஆட்டக்காரன் விழுகிறான். நடுவர் கையசைக்கிறார். நாம் ஓடுகிறோம். கோட்டுக்கு வெளியே நிற்கிற கோச்சுக்கு நாம் பேசுவது கேட்காது. அவர் நம் கையை மட்டும்தான் பார்ப்பார். கட்டைவிரலைத் தூக்கினால் இவன் ஆடுவான். இரண்டு கையையும் ஒன்றைச் சுற்றி ஒன்று உருட்டினால் இவனை வெளியே எடுங்கள், வேறு ஆளை இறக்குங்கள். அவ்வளவுதான் நம் பாஷை. முப்பது வருஷ வேலையில் நான் பேசியதெல்லாம் இந்த இரண்டு வார்த்தைதான். அதில் ஒரு முறை பொய் சொன்னேன்.

அதற்கு முன்பு சின்னத் தப்புகள் எத்தனையோ செய்தேன். வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம் எங்கள் கோல்கீப்பரின் தொடையில் ஐஸ் கட்டியைத் துணி சுற்றாமல் வைத்துவிட்டு, டீ குடிக்கப் போய்விட்டேன். திரும்பி வந்து பார்த்தால் தோல் வெந்துபோய்ச் சிவந்து கிடக்கிறது. நேராகக் கோச்சிடம் போய் நான்தான் செய்தேன் என்றேன். அவர் கோவாக்காரர். கொங்கணியில் என் அம்மாவையும் அப்பாவையும் கொஞ்ச நேரம் விசாரித்துவிட்டு, "சரி, போ, அடுத்தவனுக்கு எண்ணெய் போடு" என்றார். அதோடு முடிந்தது. அன்றிலிருந்து என்னை நான் உண்மையைச் சொல்லக்கூடிய ஆள் என்று நினைத்துக்கொண்டேன். நீங்களும் உங்களைப் பற்றி அப்படித்தான் நினைத்துக்கொண்டிருப்பீர்கள். ஐஸ் கட்டிக்கு உண்மை சொல்வதில் நான் இழக்க எதுவும் இருக்கவில்லை என்பதை அப்போது நான் யோசிக்கவில்லை.

குவேசி எங்கள் கிளப்புக்கு வந்தது அதற்கெல்லாம் வெகுநாள் பிறகு. கானாக்காரன், ஸ்ட்ரைக்கர். இருபத்து நாலு வயது. கதவுக்குள் நுழையத் தோளைச் சாய்க்க வேண்டிய உடம்பு. கிளப்பில் எல்லோரும் அவனிடம் இங்கிலீஷில் திணறிக்கொண்டிருந்தபோது, அவன் என் மேசையில் குப்புறப் படுத்துக்கொண்டு, "சேட்டா, கொஞ்சம் மெல்லே. என்டெ கால் மரமுட்டி அல்ல" என்றான், என் கால் மரக்கட்டை இல்லை என்று. எனக்குக் கை நின்றுவிட்டது. பூனாவுக்கு வருமுன் இரண்டு வருஷம் மலப்புறத்தில் ஏழு பேர் ஆடுகிற செவன்ஸ் பந்தயங்களில் ஆடியிருக்கிறான். வயல்காட்டு மைதானத்தில் மலையாளம் கற்றிருக்கிறான். நான் குமரிக்காரன், பாதி மலையாளம் எனக்கு வீட்டுப் பேச்சு. அன்றிலிருந்து எங்களுக்குள் ஒரு கலவை பாஷை ஓடியது. என்னை அண்ணன் என்று கூப்பிடச் சொன்னேன். கேட்கவில்லை. சேட்டாதான்.

குவேசி என்றால் ஞாயிற்றுக்கிழமை பிறந்தவன் என்று அர்த்தமாம். அதை அவன் மேனேஜரிடம் சொல்லப்போக, அவர் "அப்படியென்றால் நீ ரவி" என்று பெயர் வைத்துவிட்டார். இந்தியில் ஞாயிறு ரவிவார். ஆட்டத்துக்கு வருகிறவர்கள்கூட "ரவி! ரவி!" என்று கத்தினார்கள். அவன் சிரித்துக்கொண்டு கையாட்டுவான்.

என் மருந்துப் பையை யாரும் தூக்கிப்போகக்கூடாது என்று அதன்மேல் மார்க்கரில் தமிழில் 'சூசை' என்று எழுதி வைத்திருந்தேன். இங்கிலீஷில் எழுத எனக்கு வராது. அவன் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு ஒருநாள் கேட்டான்:

"சேட்டா, இது எந்தா? ஜிலேபியோ?"

"என் பேருலே அது."

"பேரோ? எண்ணெயில் இட்டு எடுத்த போல உண்டு."

அன்றிலிருந்து என் பை ஜிலேபி பை. "ஜிலேபி எடு, சேட்டா, கால் பிடிச்சு" என்று மைதானத்தின் அந்தப் பக்கத்திலிருந்து கத்துவான்.

அவனுக்கு வாகட்டில் ஒரு ஃபிளாட் எடுத்துக் கொடுத்திருந்தார்கள். அந்தக் குடியிருப்பில் லிஃப்டில் இவன் ஏறினால் மற்றவர்கள் இறங்கிக்கொண்டார்கள். செக்யூரிட்டி தினமும் அடையாள அட்டை கேட்டான். ஒரு ஞாயிறு அவனை நான் குடியிருந்த தாபோடிக்குக் கூட்டிப்போனேன். வீட்டுக்காரர் ஸ்டெல்லா டீச்சர். அவருடைய அப்பா ஃபாக்டரி வேலைக்காக இங்கே வந்த காலத்திலிருந்து அந்தத் தெருவில் இருக்கிறார்கள். டீச்சர் பேசுகிற தமிழில் பாதி இந்தி. ஆனால் பைபிளைத் தமிழில்தான் வாசிப்பார். கோயில் முடிந்து வந்து மீன் குழம்பு வைத்தார். குவேசி ஒரு வாய் வைத்துவிட்டு என் காதில் மலையாளத்தில் ஏதோ கேட்டான்.

"என்ன பேட்டா, தீக்கா அதிகமா?" என்று கேட்ட டீச்சர், காரம் கூடிவிட்டதோ என்று பயந்துபோனார்.

"இல்ல. இது நோயாளிக்கு உள்ளதோ என்று கேட்டான், டீச்சர்" என்றேன் நான்.

"அரே வா!" என்று டீச்சர் மிளகாய்த்தூள் டப்பாவையே மேசையில் வைத்தார். அதற்குப் பிறகு ஞாயிறுதோறும் அவன் அங்கேதான் சாப்பிட்டான்.

இப்போது நம் தொழிலின் ஒரு தந்திரத்தைச் சொல்ல வேண்டும். உங்களுக்கும் யாராவது கற்றுக்கொடுப்பார்கள். ஆட்டம் நடக்கும்போது கோச் உள்ளே வந்து பேச முடியாது. நாம் போகலாம், ஆனால் யாராவது விழுந்தால்தான். அதனால் கோச் தொப்பியைக் கழற்றினால் எங்கள் ஆட்களில் ஒருவன் கணுக்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவான். நான் ஓடிப்போய், தண்ணீர் கொடுக்கிற சாக்கில், "இடது பக்கம் ஏறச் சொல்றார்" என்று காதில் சொல்லிவிட்டு வருவேன். இந்த நாடகத்தைக் குவேசிக்கு நான்தான் கற்றுக்கொடுத்தேன். ஆரம்பத்தில் அவனுக்கு வரவில்லை. விழச் சொன்னால் மரம் சாய்வது போல விழுவான், உடனே எழுந்து நிற்பான். பத்து நாள் பழக்கிய பிறகு அவனைப்போல விழ ஆளில்லை என்றாகிவிட்டது.

அப்போது அவன்தான் கேட்டான். "சேட்டா, ஒரு நாள் சத்தியமாயிட்டு வீணால்?" உண்மையாகவே விழுந்துவிட்டால் உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்கிறான். நல்ல கேள்வி. இரண்டு பேரும் உட்கார்ந்து ஓர் அடையாளம் வைத்துக்கொண்டோம். நாடகமென்றால் கணுக்காலைப் பிடிக்க வேண்டும். நிஜமென்றால் உள்ளங்கையால் தரையை இரண்டு முறை தட்ட வேண்டும். தாலீமில் பயில்வான்கள் வலி தாங்காமல் பிடியை விடச் சொல்லி அப்படித் தட்டுவார்கள். அங்கே தட்டினால் உடனே விட்டுவிட வேண்டும், அது சட்டம். அதைத்தான் நான் அவனுக்குச் சொல்லிக்கொடுத்தேன்.

என்னைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். அதுவரை எந்த ஊரிலும் தங்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியதில்லை. பெட்டி ஒன்று, பாய் ஒன்று. பூனாவில்தான் முதல் முறையாகத் தங்க ஆசைப்பட்டேன். டீச்சர் வீட்டு மாடியறை, கோயில், காலையில் ஈர மைதானம், இதெல்லாம் பழகிவிட்டது. ஆனால் கிளப்பில் நான் தற்காலிகம். படித்த ஃபிசியோவை எடுக்கப்போகிறார்கள் என்று பேச்சு. மேனேஜர் ஒருநாள் என் தோளில் கைபோட்டு, "அண்ணா, இந்த சீசன் நல்லா முடியட்டும். பர்மனென்ட் லிஸ்ட்ல உன் பேரை நான் பார்த்துக்கறேன்" என்றார். இங்கே தமிழர்களை எல்லோரும் அண்ணா என்றுதான் கூப்பிடுவார்கள். அந்த வார்த்தைக்குள் ஒன்றும் இருக்காது. எனக்கு மட்டும் அன்று அது இனித்தது.

அந்த ஆட்டம் மும்பைக்காரர்களோடு. ஜெயித்தால் அடுத்த சுற்று. ஆட்டத்துக்கு முன்பு டீ குடிக்கும்போது மேனேஜர் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி என்னிடம் சொன்னார்: "ஆஜ் ரவி பாஹர் நஹி ஆயேகா. என்ன ஆனாலும் அவன் வெளியே வரக்கூடாது. புரிஞ்சுதா அண்ணா?" நான் தலையாட்டினேன்.

முதல் பாதியில் குவேசி ஒரு கோல் போட்டான். இரண்டாம் பாதியில் அவர்கள் ஒன்று போட்டார்கள். இன்னும் இருபது நிமிஷம் இருக்கும்போது எதிர்ப்பக்கத்து டிஃபென்டர் பக்கவாட்டில் வந்து அவன் காலில் மோதினான். குவேசி விழுந்தான். கோச்சின் தொப்பி தலையில்தான் இருந்தது. குவேசியின் கை கணுக்காலுக்குப் போகவில்லை. புல்லில் உள்ளங்கையை விரித்து இரண்டு முறை தட்டினான்.

நான் பார்த்தேன். நாற்பது அடி தூரத்திலிருந்து தெளிவாகப் பார்த்தேன். சரியாகப் பார்க்கவில்லை, நாடகமென்று நினைத்தேன் என்று பின்னால் எனக்கே சொல்லிக்கொண்டதுண்டு. அது பொய்.

ஓடினேன். அந்த டிஃபென்டர் அவன் தலைமாட்டில் நின்று கைதட்டிக்கொண்டிருந்தான். "அரே ஹீரோ, உட்! ஷூட்டிங் கதம்!" ஷூட்டிங் முடிந்துவிட்டது, எழுந்திரு என்கிறான். எங்கள் நாடகம் ஊருக்கெல்லாம் தெரிந்துபோயிருந்தது. நடுவரும் கடிகாரத்தைப் பார்த்து "ஜல்தி, ஜல்தி" என்றார்.

"சேட்டா, கள்ளம் அல்ல" என்றான் குவேசி. "முட்டி. உள்ளே எந்தோ பொட்டி."

உள்ளே ஏதோ அறுந்துவிட்டது என்கிறான். அப்போது நான் செய்ய வேண்டியது ஒன்றுதான். முட்டியின் இரண்டு பக்கமும் கை வைத்துப் பார்ப்பது. தாலீமிலும் இங்கேயுமாக இருபது வருஷம் கை வைத்துப் பார்த்தவன் நான். தொட்டால் தெரிந்துவிடும் என்று எனக்குத் தெரியும். தெரிந்துவிட்டால் கையை உருட்ட வேண்டும். அதனால் தொடவில்லை. பையிலிருந்து ஸ்ப்ரேயை எடுத்து முட்டியின் மேல் அடித்தேன். வெள்ளையாகப் புகைந்தது. ஸ்ப்ரே அடிக்கிறவன் தொட வேண்டியதில்லை, பார்க்கிறவர்களுக்கு வைத்தியம் நடப்பது போலவும் இருக்கும்.

"இருபது நிமிஷம் மக்கா. இருபதே நிமிஷம். எந்திரி."

அவன் என் முகத்தைப் பார்த்தான். "சேட்டா பறஞ்ஞால் கேக்காம்" என்றான். நீ சொன்னால் கேட்கிறேன் என்று. என் தோளைப் பிடித்து எழுந்தான். நான் கோச்சின் பக்கம் திரும்பிக் கட்டைவிரலைத் தூக்கினேன். உயரமாக, மேனேஜருக்கும் தெரிகிற மாதிரி தூக்கினேன்.

ஒன்பது நிமிஷம் நொண்டிக்கொண்டே ஆடினான். பிறகு ஒரு பந்துக்காகத் திரும்பியபோது காலின் கீழ்ப்பாதி திரும்பவில்லை. சத்தம் கோட்டுக்கு வெளியே நின்ற எனக்கே கேட்டது. குப்புற விழுந்து முகத்தைப் புல்லில் வைத்துக்கொண்டான். இந்த முறை அவன் தரையைத் தட்டவில்லை.

ஆட்டம் ஒன்றுக்கு ஒன்று என்றே முடிந்தது.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா படத்தை விளக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, முதல் அடியிலேயே வெளியே எடுத்திருந்தால் ஆறேழு வாரத்தில் ஆடியிருப்பான் என்றார். இப்போது உள்ளே எல்லாம் போய்விட்டது. பெரிய ஆபரேஷன், ஒரு வருஷம் ஓய்வு. அதற்குப் பிறகும் பழைய வேகம் வருமா என்று சொல்ல முடியாது. பிறகு கேட்டார், "முதல்ல விழுந்தப்போ யார் பார்த்தது?"

மேனேஜர் என்னைக் காட்டினார்.

"ஹாத் லகாகே தேகா?" தொட்டுப் பார்த்தாயா என்று கேட்டார்.

"பார்த்தேன்" என்றேன். கட்டிலில் குவேசி கண்ணை மூடிக்கொண்டு கிடந்தான். விழித்துத்தான் இருந்தான்.

நான்காம் நாள் மேனேஜர் அறைக்குக் கூப்பிட்டார். டீயும் வடா பாவும் வந்தது. மேசையில் இங்கிலீஷில் அடித்த ஒரு காகிதம். புது ஸ்ட்ரைக்கரைப் பதிவு செய்ய ஒரு வாரம்தான் இருக்கிறது, ரவியின் ஒப்பந்தத்தை முடித்தால்தான் அந்த இடம் காலியாகும் என்றார். ஆடும்போது பட்ட காயமென்றால் முடிக்க முடியாது, ஆபரேஷனையும் கிளப்தான் செய்து கொடுக்க வேண்டும். பழைய காயத்தை மறைத்துவிட்டு வந்தானென்றால் அனுப்பிவிடலாம்.

"சும்மா ஒரு ஃபார்மாலிட்டி, அண்ணா. உன் கையெழுத்து ஒண்ணு வேணும். அப்புறம் அந்த பர்மனென்ட் லிஸ்ட் நாளைக்கு மேலே போகுது" என்றார். இரண்டையும் அவர் ஒரே மூச்சில் சொல்லவில்லை. நடுவில் டீ குடித்தார்.

எனக்கு இங்கிலீஷ் எழுத்துக்கூட்டத்தான் வரும். 'ஓல்ட்' என்பதும், முட்டிக்கு அவர்கள் எழுதுகிற 'நீ' என்பதும் படித்தேன். மலப்புறம் என்ற பெயரைப் படித்தேன். அதற்குமேல் படிக்க வேண்டாமென்று விட்டேன். டீச்சர் வீட்டுக்குக் கொண்டுபோய் வாசிக்கச் சொல்லியிருக்கலாம். பத்து நிமிஷ நடை. என்ன எழுதியிருக்கிறது என்று தெரிந்ததால்தான் கொண்டுபோகவில்லை. கீழே 'சூசை' என்று எழுதினேன். ஒரு நகலை மடித்து என் பையிலும் வைத்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை அந்த நகலை டீச்சரிடம் நீட்டினேன். ஏன் நீட்டினேன் என்று இன்றும் தெரியாது. யாராவது திட்டட்டும் என்று இருந்திருக்கலாம். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வரிவரியாகத் தமிழில் சொன்னார். "ஆட்டக்காரருக்கு முன்பே... மலப்புறத்துல இருக்கும்போதே... முட்டியில காயம் இருந்தது. முதல் நாள் மாலிஷ் பண்ணும்போதே நான் கவனிச்சேன். மத்லப், அதாவது நீங்க கவனிச்சீங்களாம். யார்கிட்டயும் சொல்லக்கூடாதுன்னு அவன் உங்ககிட்ட..." அங்கே நிறுத்திக் கண்ணாடியைக் கழற்றினார்.

"அண்ணே, இது நீங்க போட்ட கையெழுத்தா?"

"ஆமா."

"இந்த மேஜையில உக்காந்து மீன் தின்ன பிள்ளை அண்ணே அவன். ஷரம் நஹி ஆத்தி?"

வெட்கமில்லையா என்று கேட்டார். அவர் உள்ளே போய்க் கோடு போட்ட காகிதம் எடுத்து வந்து, அங்கேயே உட்கார்ந்து பள்ளிக்கூட எழுத்தில் இங்கிலீஷில் எழுதினார். முன்பு கொடுத்தது பொய், காயம் ஆட்டத்தில் பட்டது, நான் தொட்டுப் பார்க்காமல் சைகை கொடுத்தேன் என்று. "நாளைக்குக் காலைலயே கொண்டுபோய்க் குடுங்க. வேலை போனா போகுது. மாடியறைக்கு வாடகையை நான் கேட்டேனா?"

திங்கட்கிழமை காலை அந்தக் காகிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு மேனேஜர் அறை வாசலில் உட்கார்ந்தேன். ஒரு மணி நேரம் இருக்கும். பியூன் வந்து, சாகேப் மீட்டிங்கில் இருக்கிறார், சாப்பாட்டுக்குப் பிறகு வா என்றான். எழுந்தபோது எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது என்பதை உங்களிடம் மறைக்கக்கூடாது. சாப்பாட்டுக்குப் பிறகு நான் போகவில்லை. மறுநாளும் போகவில்லை. டீச்சர் கேட்டபோது, "குடுத்துட்டேன், அவங்க கேக்கல" என்றேன். அவர் என் தலையில் கைவைத்து ஜெபம் பண்ணினார்.

ஒப்பந்தம் முடிந்தது. அவனுடைய விசா கிளப் வேலையோடு சேர்ந்தது, அதனால் ஊருக்குப் போகச் சொல்லிவிட்டார்கள். புது ஸ்ட்ரைக்கர் பிரேசில்காரன் வந்தான். என் பெயர் பர்மனென்ட் லிஸ்டில் ஏறியது. ஆசைப்பட்டபடி இந்த ஊரில் தங்கினேன், ஓய்வு பெறுகிறவரை. அதற்குப் பிறகு எந்த மைதானத்திலும் நான் கட்டைவிரலைத் தூக்கியதில்லை. தொட்டுப் பார்த்துவிட்டு, கோடு வரைக்கும் ஓடிவந்து வாயால் சொல்லிவிட்டுத் திரும்பி ஓடுவேன். "கட்டைவிரல் என்ன ஆச்சு, கிழவா? முனிசிபாலிட்டிக்காரன் வெட்டிட்டுப் போயிட்டானா?" என்று கோச் கத்துவார். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரித்திருக்கிறேன்.

குவேசி அதற்குப் பிறகு ஓர் ஆட்டமும் ஆடவில்லை. அவன் ஊரில் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பந்தாடச் சொல்லிக்கொடுக்கிறானாம். கிறிஸ்துமஸுக்கு டீச்சருக்குப் போன் செய்வான். "இந்தாங்க அண்ணே, பேசுங்க" என்று டீச்சர் போனை நீட்டுவார். குளிக்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவேன். அந்தக் காகிதம் கொடுக்கப்படவே இல்லை என்று டீச்சருக்கு இன்றுவரை தெரியாது. இதைப் படித்துத்தான் தெரிந்துகொள்ளப்போகிறார்.

நீங்கள் இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது என்ன என்று யாராவது கேட்டால், தொட்டுப் பாருங்கள் என்பதுதான். தொட்டால் தெரிந்துவிடுமே என்று பயமாக இருக்கிற இடத்தில் கட்டாயம் தொடுங்கள். அதற்குமேல் புத்தி சொல்கிற யோக்கியதை எனக்கில்லை. அவன் போன நாளை மட்டும் சொல்லி முடிக்கிறேன்.

லோஹேகாவ் விமான நிலையத்தில் காலை விமானம். தில்லி போய், அங்கிருந்து மாறிப் போக வேண்டும். கிளப்பிலிருந்து யாரும் வரவில்லை, வண்டி மட்டும் அனுப்பியிருந்தார்கள். டீச்சருக்குப் பள்ளிக்கூடம். அவர் கொடுத்த மிளகாய்த்தூள் பொட்டலத்தோடு நான் போனேன். விமான நிலைய வாசலில் சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருந்தான், காலை நீட்டி வைத்துக்கொண்டு. தலைக்கு மேலே போர் விமானம் ஒன்று போனது. அந்தச் சத்தம் அடங்குகிறவரைக்கும் இருவரும் பேசாமல் இருக்க ஒரு காரணம் கிடைத்தது.

"கிளப்பில் எனிக்கு ஒரு பேப்பர் தந்நு, சேட்டா" என்றான். "இங்கிலீஷ். எல்லாம் வாயிச்சு. அடியில் ஒரு ஜிலேபி உண்டு."

நான் கீழே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"டீச்சர் பறஞ்ஞு, சேட்டா வேற ஒரு பேப்பர் கொடுத்து, கிளப்காரர் எடுத்தில்ல என்று. கொடுத்தோ?"

கொடுத்தேன் என்று சொல்லியிருந்தால் நம்பியிருப்பான். நம்ப ஆசையாகக் கேட்டது அவன் குரலிலேயே தெரிந்தது. அவன் ஊர் போய்ச் சேர்கிறவரைக்காவது அது அவனுக்கு ஆறுதலாக இருந்திருக்கும் என்றுகூட ஒரு நொடி நினைத்தேன்.

"இல்ல மக்கா. கொடுக்கல."

டாக்சிகள் வந்து ஆட்களை இறக்கிவிட்டுப் போய்க்கொண்டிருந்தன. பிறகு, "செரி" என்றான். முட்டியில் சுற்றியிருந்த கட்டு தளர்ந்திருந்தது. காலை என் பக்கம் நகர்த்தினான்.

"கட்டு. தூரம் உண்டு."

தரையில் முழங்காலிட்டுக் கட்டை அவிழ்த்தேன். அன்றைக்கு மைதானத்தில் வைக்காத கையை அப்போதுதான் வைத்தேன். இரண்டு பக்கமும். உள்ளே பிடிமானமே இல்லாமல் எலும்பு தனியாக நகர்ந்தது. அவன் பல்லைக் கடித்துக்கொண்டு வேறு பக்கம் பார்த்தான். மெதுவாகக் கட்டினேன், என் வாழ்க்கையில் அவ்வளவு மெதுவாக எதையும் கட்டியதில்லை. முடித்ததும் ஒரு பையன் வந்து நாற்காலியை உள்ளே தள்ளிக்கொண்டு போனான்.

கண்ணாடிக்கு அப்பால் கொஞ்ச தூரம் போனதும் குவேசி கையைக் காட்டி நிறுத்தச் சொன்னான். நாற்காலியை என் பக்கம் திருப்பச் சொன்னான். என்னைப் பார்த்தான். பிறகு நாற்காலியின் கைப்பிடியில் உள்ளங்கையால் இரண்டு முறை தட்டினான். சத்தம் வெளியே கேட்கவில்லை.

என்னை அறியாமல் வாசலை நோக்கி ஓடினேன். துப்பாக்கியோடு நின்ற காவலர் கையை நீட்டி மறித்து, "டிக்கெட்?" என்றார்.

டிக்கெட் இல்லை. அங்கேயே நின்று இரண்டு கையையும் தலைக்குமேல் தூக்கி, ஒன்றைச் சுற்றி ஒன்றாக உருட்டினேன். இவனை வெளியே எடுங்கள். காவலர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். நான் நிறுத்தவில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் குவேசி அதைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு முறை தலையை ஆட்டினான். பிறகு பையனிடம் ஏதோ சொன்னான். நாற்காலி திரும்பியது.